எதிர்வீட்டில் டாங்கிச் சண்டை

12 மார்ச் 1982, வெள்ளி

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. அருளுக்குக் காலை ஷிஃப்ட்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து வாரம். குழந்தை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. இன்றுதான் இதை எழுதவே முடிகிறது. மாதா கோயிலிலிருந்து இரண்டு ஆன்ட்டிகள். "அடுத்தது நிக்கும்மா, அழாத." தலையாட்டினேன். அவர்கள் போனதும் கதவைத் தாழிட்டேன்.

மூன்று மணிக்கு மறுபடி தட்டும் சத்தம். எதிர்வீட்டு ஆ லான் அக்கா. ஐம்பது வயதிருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. மலாயில்தான் பேச்சு. "மகன் ஆர்மி கேம்ப்ல. டிவி கேம் சும்மா கிடக்கு. தனியா விளையாட முடியல. வா லா."

மறுக்கத் தெரியாமல் போனேன். திரையில் இரண்டு டாங்கிகள், நடுவே சுவர்கள். ஆளுக்கொரு கைப்பிடி. என் டாங்கி சுவரில் முட்டியபடியே. அக்கா எதையும் விசாரிக்கவில்லை. "சுடு! சுடு!" அவ்வளவுதான். நன்றாக இருந்தது.

16 மார்ச், செவ்வாய்

நல்ல வெயில். தலையணை உறைகள் துவைத்தேன்.

மத்தியானம் எதிர்வீடு. அக்கா 9, நான் 2. அந்த இரண்டாவது குண்டில் அவர் டாங்கி பம்பரமாகச் சுற்றியது. சோபாவில் துள்ளிக் குதித்துச் சீனத்தில் ஏதோ திட்டினார். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் குரல்தானா என்று எனக்கே திடுக்கென்றது.

திரும்பினால் வாசலில் அருள். "லிஃப்ட்லேர்ந்து வரும்போதே உன் சிரிப்பு கேட்டுச்சு."

வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து அழுதார். இத்தனை வாரத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "உன் முன்னாடி அழக்கூடாதுன்னு இருந்தேன், ஸ்டெல்லா." முதல்முறையாகக் குழந்தையைப் பற்றி இருவரும் பேசினோம். சோறு அடிப்பிடித்தது. அதையே சாப்பிட்டோம்.

20 மார்ச், சனி

அக்காவின் மகன் லீவில் வந்திருக்கிறான். லிஃப்டுக்கு நிற்கும்போது ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தான்.

"மம்மியோட விளையாடுறது நீங்கதானா? அவங்களுக்கு அந்த கேமே பிடிக்காது. தலை சுத்துதுன்னு டிவியை ஆஃப் பண்ணிடுவாங்க. போன மாசம் திடீர்னு, எனக்குச் சொல்லிக்குடுன்னாங்க. எதிர்வீட்டுப் பொண்ணு வெளியவே வரமாட்டேங்குது, கூப்பிட ஒரு சாக்கு வேணும்னாங்க."

லிஃப்ட் வந்தது. அவன் ஏறிப் போனான். நான் அங்கேயே நின்றேன்.

21 மார்ச், ஞாயிறு

பூசைக்குப் போனோம். ஆறு வாரத்துக்குப் பிறகு. நன்றி சொன்னது: அருளுக்காக. தினமும் ஃபேரர் பார்க் வீட்டிலிருந்து போன் செய்யும் அம்மாவுக்காக. ஆ லான் அக்காவின் தலைசுற்றலுக்காக.

22 மார்ச், திங்கள்

மேகமூட்டம். இன்று நானே போய்க் கதவைத் தட்டினேன். அக்கா டிவியைப் போடப் போனார். "வேணாம். மார்க்கெட் போலாம்" என்றேன். மகன் சொன்னதைச் சொல்லி, "தெரிமா காசி" என்று நன்றி சொன்னேன். அதற்குமேல் மலாய் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

"அவனுக்கு வாய் நீளம்." என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார். பிறகு, "ஆனா ஜெயிச்சது நான்தானே?"

கூடை எடுக்க வீட்டுக்கு வந்த இடத்தில் இதை எழுதுகிறேன். அக்கா வெளியே நின்று கூப்பிடுகிறார்.