என் நோட்டிலிருந்து எடுத்தது

பந்தலூர்,
ஞாயிறு

என்னங்க,

நேற்று அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மழை விடவில்லை.

நீங்கள் எடுத்து டிவியில் வந்த ஆவணப்படத்தை இந்த எஸ்டேட் லயத்து வீடுகளில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இலங்கையிலிருந்து கப்பலேறியபோது, பாஸ்போர்ட்டில் பெயர் சேர்க்காத மூத்த மகனை அம்மா அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஊரில் யாருக்கும் தெரியாத அதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். நான் நோட்டில் எழுதி மேசையில் பூட்டி வைத்தேன்.

கேட்காமல் எந்தச் சனத்தின் கதையையும் எடுக்கக் கூடாது என்று பதினாறு வருடமாகப் பத்திரிகையில் எழுதி வருகிறேன். நீங்கள் என் மேசையைத் திறந்து நோட்டை எடுத்து, அதில் இருந்ததை அம்மாவின் போட்டோவோடு படத்தில் போட்டுவிட்டீர்கள்.

பக்கத்து வீட்டு தபித்தாள் அக்கா, "பெத்த புள்ளைய விட்டுட்டு வந்தவளா இவ?" என்றாராம். அம்மா இரண்டு நாளாகத் தண்ணீர் பிடிக்கக்கூட வெளியே போகவில்லை.

"மருமகன் தங்கமான ஆளு. நீதானே புள்ள அவருக்குச் சொன்ன?" என்று என்னைக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உங்களையும் அவரிடமிருந்து பறிக்க மனம் வரவில்லை. அதன்பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அந்தப் படத்துக்கு உங்களுக்குக் கொடுக்கும் விருது விழாவுக்கு நான் வரமாட்டேன். நீங்கள்தான் இங்கே வரவேண்டும். அந்த நோட்டை எடுத்தது யார் என்று அம்மாவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவியாக இருக்கிறவள்