லீவு ரத்தம்

ஜூலை 14
இந்த நோட்டைக் கொடுத்தவள் கோகிலா, என் வீட்டுக்காரரின் தங்கச்சி. தறி ஓட்டும் நாற்பது பெண்களுக்கும் ஆளுக்கொன்று. தூக்கம், சாப்பாடு எழுதணுமாம். நான் ஐந்தாவதோடு நின்றவள். என் கையும் வாய் மாதிரிதான், ஆரம்பித்தால் நிற்காது.

அவள் விஞ்ஞானி. பதினைந்து வருஷம் எலி மூளையில் அழற்சியைத் தேடினாள். அழற்சி என்றால் உள்ளே ஓயாத புகைச்சலாம். மாமியாரைப் பார்த்தால் எனக்கு வருவதுதானே? தறிச் சத்தத்தில் கிடக்கும் எங்களுக்கும் அது உண்டா என்று பார்க்கப் போகிறாள். மண்டையைத் திறக்க முடியாது, அதனால் ரத்தம். தறி ஓடும் நாளில் ஒன்று, லீவில் ஒன்று. இன்று முதல் ரத்தம்.

“ஏட்டி, எலி கிடைக்கலன்னு எங்களப் பிடிச்சியா?”

“எலி இம்புட்டுப் பேசாது மைனி.”

ஜூலை 20
பிறக்கும்போது வந்த ஜீன் மாறாதாம். நாம் வாழ்கிற வாழ்க்கை அதன்மேல் அடையாளம் ஒட்டுமாம். தறியில் ஓடும் பாவு நூல் அதேதான், மேலே விழும் எண்ணெய்க் கறைதான் வேறே, அப்படித்தானே என்றேன். எழுதி வைத்துக்கொண்டாள்!

ஆகஸ்ட் 8
நேற்று எங்கள் ஊர்க் கோமதி அம்மன் கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா. தறிக்கூடம் நாலு நாள் லீவு. காலையில் ரத்தம் கொடுத்தேன். நேற்றோடு கோவிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றி நேர்த்தியை முடித்ததில் கால் வீங்கிக் கிடக்கிறது. கோமதி அம்மா பார்த்திருப்பாள்.

செப்டம்பர் 19
கோகிலா போனில் அழுதாள். லீவு ரத்தத்தில்தான் புகைச்சல் அதிகமாம். தலைகீழ். ‘உன் யோசனையே தப்பு, மூடு’ என்றாராம் அவளுடைய பெரிய சார். மூடினால் வேலையும் போச்சு, முப்பத்தொன்பது வயசில்.

இவர் வேறு, “அப்பமே டீச்சர் வேலைக்குப் போகச் சொன்னேன்” என்கிறார். தங்கச்சி அழுதா சொல்லுத பேச்சா இது? குழம்பில் உப்பே போடவில்லை. தின்னட்டும்.

செப்டம்பர் 20
காலையில் இந்த நோட்டைப் புரட்டினேன். ஆகஸ்ட் 8. கால் வீக்கம்.

அட என் தாயே!

போன் போட்டேன். “ஏட்டி, லீவுல என்ன செஞ்சோம்னு கேட்டியா?”

“வேலைக்குப் போனீங்களான்னு கேட்டேன். எல்லாரும் இல்லன்னீங்க.”

“சாமிக்குச் சுத்துனத எவளாவது வேலைன்னு சொல்லுவாளா?”

“சங்கரன்கோவில்ல பிறந்துட்டு இதக் கேக்காம விட்டுட்டேனே மைனி.”

விசாரித்தேன். முப்பத்தாறு பேர் சுற்றியிருக்கிறோம். பக்கத்துத் தறி மாரிசெல்வியும் ஐம்பது சுற்று.

செப்டம்பர் 24
சுற்றின கதையை வெளியே விடாதே, சத்தத்தால் கெடுதல் இல்லை என்று முடித்து எழுது, மூன்று வருஷம் வேலையை நீட்டித்துத் தருகிறேன் — இது சார். தான் சொன்னது பொய்யாகக் கூடாதாம்.

“நீ என்னட்டி சொன்ன?”

“என் தப்ப என் பேர் போட்டு எழுதிக் குடுத்துட்டேன்.”

அடுத்த மாதக் கடைசியோடு வேலை போகிறது. ஊர் பேசும். பேசட்டும்! என் நாத்தனார்! அவள் கையில் மிச்சம், ரத்தம் பிடிக்கும் காலிக் குழாய் நாற்பது.

அக்டோபர் 21
தீபாவளிக்குத் தறி ஒரு வாரம் லீவு. மாரிசெல்வி வீட்டில் கூட்டம் போட்டேன். மூன்று நாள் எவளும் குடம் தூக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. ஆம்பளைகள் குதித்தார்கள். தறிக்கூட முதலாளி துரைப்பாண்டி அண்ணாச்சியும் வந்துவிட்டார். “பொம்பளையச் சும்மா உக்கார வச்சா குடும்பம் விளங்குமா?”

“அதத்தான் அண்ணாச்சி டெஸ்ட் பண்ணுதோம்.”

இவர் சாம்பார் வைத்தார். ரத்தம் கெட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு விழுங்கினேன்.

அக்டோபர் 24
முப்பத்தேழு பேர் கொடுத்தோம். மூன்று பேரை வீட்டில் உட்கார விடவில்லை. அவர்கள் பெயரையும் காரணத்தையும் கோகிலா எழுதிக்கொண்டாள்.

டிசம்பர் 12
தோழி ஒருத்தியின் லேபில் பார்த்தாளாம், இருபத்தாறு பேருக்குப் புகைச்சல் இறங்கியிருக்கிறது! “கொஞ்சந்தான் மைனி. சத்தம் நின்னதாலயா, வேல நின்னதாலயான்னு இன்னும் சொல்ல முடியாது” என்றாள். குரலில் அழுகை இல்லை. எலியைக் கண்ட பூனைக் குரல்.

பிப்ரவரி 11
வேறு ஊரில் சின்ன ஆய்வுக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள், பாதிச் சம்பளத்துக்கு. புதுக் கேள்வித்தாள் தபாலில் வந்தது. ‘வேலைக்குப் போனீர்களா?’ என்பது இல்லை. ‘எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?’ என்று கேட்டு, கீழே இருபது கோடு போட்டிருக்கிறாள்.

இருபதும் பத்தவில்லை. அடியில் ஒரு தாளை ஒட்டினேன்.