உன் பேரில் கட்டிய பிராது

என்னைப் பெற்ற பொல்லாத என் அம்மாவுக்கு,

நாளைக் காலை கடலூரில் எனக்கு மறுபடியும் வயிற்று ஆபரேஷன். நீ கண்ணை மூடிவிட்டாய், இந்த முறை கையைப் பிடித்துக்கொள்ள நீ இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் கட்டியோடு சேர்த்து என் இடது சினைப்பையை எடுத்தார்களே, அதைக் குடல்வால் ஆபரேஷன் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவைத்தாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய் அம்மா. அந்தப் பொய்யைக் காப்பாற்ற, குழந்தை இல்லாத ஐந்து வருஷமும் உன் மாப்பிள்ளை டாக்டரைப் பார்க்கலாம் என்று கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொன்னேன். கோயில் கோயிலாகப் போனோமே தவிர ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை.

போன மாதம் செராமிக் பட்டறையில் வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டேன். அவர் சூளை வேலையைப் போட்டுவிட்டு, கையில் மண்ணோடு கடலூருக்கு ஸ்கேனுக்கு அழைத்துப்போனார். வலது சினைப்பையிலும் கட்டி. பார்த்தால் சாதாரணக் கட்டிதான், புற்றுநோய் மாதிரி தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. அதே மூச்சில், "இடது சினைப்பைய எப்ப எடுத்தாங்க?" என்று கேட்டார். உன் மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு சினைப்பை இருந்தாலே பிள்ளை பிறக்குமாம் அம்மா. நாம் ஏன் இதை யாரிடமும் கேட்கவில்லை? இப்போது கட்டியை மட்டும் உரித்தெடுக்கப் பார்ப்பார்களாம். அதோடு கருமுட்டையும் கொஞ்சம் குறையலாம், உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள். எதுவும் மிஞ்சாமல் போனால்?

விருத்தாசலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் கேட்டார்.

"அஞ்சு வருஷமா இத மனசுல வெச்சிக்கிட்டு எப்புடி இருந்த? சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த ஆத்திரத்தில் மறுநாளே கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். களவு போனவர்களும் பிள்ளை இல்லாதவர்களும் சாமியிடம் நியாயம் கேட்டுப் பிராது எழுதிக் கட்டுவார்களே, நானும் கட்டினேன். உன் பேரில் கட்டினேன் அம்மா. ஐந்து வருஷத்தை வீணாக்கினாள் என்று எழுதினேன்.

இப்போது அதுதான் பயமாக இருக்கிறது. நாளைக்கு நீ எனக்குத் துணைக்கு வருவாயா, பிராதுக்குப் பதில் சொல்லப் போவாயா?

எழுந்து நடந்ததும் முதலில் அங்கே போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிடுகிறேன். பிள்ளை பிறந்தாலும் சரி, பிறக்காவிட்டாலும் சரி. நாளை ஒரு நாள் மட்டும் எங்கேயும் போகாமல் என் பக்கத்திலேயே இரு.

பொய் சொல்லியாவது நீ வாழவைக்கப் பார்த்த
உன் மூத்த மகள்,
செல்வி