நிழலுக்காக வளைந்த ரோடு

மார்ச் 3, ஞாயிறு

வெளியே சொல்ல முடியாத விஷயம், அதனால் இங்கே எழுதுகிறேன். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் பஞ்சு வைத்த கால்சட்டை ஒன்று வாங்கினேன். இன்று அதை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு அடிவாரத்திலிருந்து மேல்ரோடு வரை ஓட்டியிருக்கிறேன். பஞ்சு வேண்டிய இடத்தில் இல்லை. வேண்டாத இடத்தில் ஒரு தலையணை. கூட வந்த பல் டாக்டர் வழியெல்லாம் மரங்களைப் பார்த்தே பேசிக்கொண்டு வந்தார். காட்டின் மேல் என்ன ஆசை இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் மேஸ்திரி பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கட்டிய பெண்டாட்டியை மேஸ்திரி என்று கூப்பிடலாமா என்று மகள் கேட்கிறாள். அவள் வேலை வாங்குவதைப் பார்த்தால் கேட்க மாட்டாள்.

மார்ச் 5, செவ்வாய்

மழை. ரோடு ரோலருக்கு வேலை இல்லை. அதன் டிரைவரான நானும் தூங்கினேன்.

மார்ச் 9, சனி

மகள் வந்திருந்தாள். வன அலுவலகத்தில் சைக்கிள் பாதைகளைக் கவனிப்பது அவள் பொறுப்பு. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, தண்ணீர் குடித்து, அதன் பிறகுதான் சொன்னாள். ஏரியைச் சுற்றும் பாதை இருக்குமாம். மேல்ரோட்டை மூடப்போகிறார்களாம். மான்கள் மறுபடி அந்தப் பக்கம் வர ஆரம்பித்திருக்கின்றனவாம். குட்டி போடுகிற இடமாம்.

மேல்ரோடு யார் போட்டது?

காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத காலம் அது. மரம் இறக்கும் லாரிகளுக்காகச் சரளைக்கல் ரோடு போட்டார்கள். பெண்கள் சட்டி சட்டியாகச் சரளையைக் கொட்டிப் பரப்பிக்கொண்டே முன்னால் போவார்கள். நான் ரோலரில் பின்னால். ரோலர் ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது. ஒரு கோடை முழுக்க ஒருத்தியின் முதுகைப் பார்த்தபடியே வண்டி ஓட்டினேன். ஏன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன். "பத்து டன் சத்தம் பின்னால வருது. அதுல திரும்பி வேற பாக்கணுமா" என்றாள்.

அந்த ரோட்டைத்தான் மூடப்போகிறாள் நான் பெற்ற ஆபீசர்.

ஆனால் வழி இருக்கிறது. இருபத்து நான்காம் தேதி சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். வேண்டாம் என்று நிறையப் பேர் சொன்னால் தள்ளிப்போடுவார்களாம்.

"நானும் பேசலாமா பாப்பா?"

"பேசலாம்பா. என் மூஞ்சியைப் பாக்காம பேசுங்க."

மார்ச் 10, ஞாயிறு

ஆள் பிடித்தேன். மேல்ரோட்டில் மூச்சு வாங்க நிற்கும் ஒவ்வொருவரிடமும் பேசினேன். மூச்சு வாங்குகிறவனால் மறுத்துப் பேச முடியாது. நல்ல சமயம் அது. பல் டாக்டர் தன்னிடம் வருகிறவர்களிடமும் சொல்கிறேன் என்றார். அவர்கள் வாயைத் திறந்துகொண்டு கிடப்பவர்கள், சரி என்றுதான் தலையாட்டியாக வேண்டும்.

ரோட்டின் நடுவில் ஒரு வளைவு உண்டு. பாறை இல்லை, பள்ளம் இல்லை, ஓடை இல்லை. நேராகப் போகிற ரோடு சும்மா ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டுத் திரும்பி வரும். ஓட்டுகிறவர்கள் அதற்குச் சும்மா வளைவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன் வளைகிறது என்று என்னிடம்தான் கேட்பார்கள். இன்ஜினியர் கோடு போடும்போது தும்மிவிட்டார் என்று ஒருவரிடம் சொன்னேன். அடியில் புதையல் இருக்கிறது என்று பல் டாக்டரிடம் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். அங்கே வந்தால் வேகத்தைக் குறைக்கிறார்.

மார்ச் 12, செவ்வாய்

இங்கேயாவது உண்மையை எழுதலாம். அந்த இடத்தில் ஒரு பெரிய மரம் நின்றது. உச்சி வெயில். சூப்பர்வைசர் சாப்பிடக் கீழே போயிருந்தார். பெண்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை. ஒருத்தி சட்டியைக் கொஞ்சம் நிழல் பக்கமாகக் கவிழ்த்தாள், அடுத்தவள் இன்னும் கொஞ்சம். சரளை போன பக்கம் ரோலர் போகும். நானும் போனேன். சூப்பர்வைசர் வந்து பார்த்தபோது ரோடு நிழலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. நன்றாக இறுகியும் விட்டது. இடுப்பில் கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எண்ணெய் அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் மேஸ்திரி முதன்முதலில் என்னிடம் பேசினாள். தண்ணி இருக்கா என்று கேட்டாள். இருந்தது. கேனோடு கொடுத்துவிட்டேன்.

மரம் ஒரு புயலில் விழுந்துவிட்டது. இல்லாத நிழலுக்கு ரோடு இன்னும் ஒதுங்கிக்கொண்டிருக்கிறது. இதை மூடுவதா? முடியாது. பேசுவேன்.

மார்ச் 17, ஞாயிறு

மேஸ்திரியும் நானும் மட்டும் மேலே போனோம். ஏற்றத்தில் அவள்தான் முன்னால். சும்மா வளைவுக்குச் சற்று முன்பு இறங்கி, பேசாதே என்று கை காட்டினாள். நான் பேசாமல் இருப்பது ஊரில் யாரும் பார்க்காத காட்சி. இருந்தேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மான். வந்து சரளையில் ஒரு கால் வைத்தது. மேலேயிருந்து ஒருவன் மணியடித்துக்கொண்டு இறங்கினான். பின்வாங்கிவிட்டது. மறுபடி வந்தது. கீழேயிருந்து இரண்டு பேர் ஏறினார்கள், நான் பிடித்த ஆட்கள்தான். கூட்டத்துக்குக் கட்டாயம் வருகிறோம் அண்ணே என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மான் காட்டுக்குள் போய்விட்டது. பிறகு மறுபடி வந்து நின்றது.

இது ஏன் இப்படி அலைகிறது? மேஸ்திரி கண்ணைக் காட்டினாள். எங்கள் பக்கம், மரம் விழுந்த இடத்தில் புதர் மண்டியிருக்கிறது. அதற்குள் இரண்டு காது. பால் குடிக்கிற குட்டி.

வெயில் ஏறும்வரை நின்றோம். தாய் வந்து வந்து திரும்பியது. குட்டி அசையவே இல்லை.

"நாம போட்ட ரோடு, மேஸ்திரி" என்றேன், மெதுவாக.

"நாமதான் போட்டோம். வெயில் தாங்காம நாம ஒதுங்கல? அது ஒதுங்க வேணாமா?"

"அப்ப இந்த வளைவு?"

"ரோடு போயிட்டா மறந்துடுவீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன."

சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே இறங்கினோம்.

மார்ச் 18, திங்கள்

வேலைக்குப் போனேன். யாரையும் கிண்டல் செய்யவில்லை. மேஸ்திரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 24, ஞாயிறு

வன அலுவலகக் கூடம் நிறைந்துவிட்டது. எல்லாம் என் ஆட்கள். இவ்வளவு பேர் வருவார்கள் என்று தெரிந்திருந்தால் இவ்வளவு நன்றாகப் பேசியிருக்க மாட்டேன். பல் டாக்டர் என் முதுகில் தட்டி முன்னால் தள்ளிவிட்டார். மகள் மேசையில் விரித்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சும்மா வளைவின் கதையைச் சொன்னேன், உள்ளது உள்ளபடி. புதையல் இல்லை என்றதும் பல் டாக்டர் முகம் வாடிவிட்டது. பிறகு மானைப் பற்றிச் சொன்னேன். "மூடிடலாங்க. நாங்க போட்டதுதான், நானே சொல்றேன், மூடிடலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

"எங்களைக் கூட்டிட்டு வந்ததே நீங்கதானேய்யா" என்றார் பல் டாக்டர். தனியாக வர பயமாக இருந்தது என்றேன். சிரித்துவிட்டார்கள். கை தூக்கச் சொன்னபோது மூடலாம் என்றுதான் பெரும்பாலும் தூக்கினார்கள். பல் டாக்டர் கடைசியாகத் தூக்கினார், பாதி உயரத்துக்கு.

வெளியே வந்ததும் மகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள், அந்தத் தண்ணீர்க் கதை நிஜமா என்று. "தாகமா இருந்துச்சு, கேட்டேன். அவ்ளோதான்" என்றாள் மேஸ்திரி. காது மட்டும் சிவந்துவிட்டது. வரைபடத்தைச் சுருட்டப்போன மகள், சுருட்டாமல் அந்த ஒரு வளைவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஏப்ரல் 6, சனி

மேல்ரோட்டின் வாயை இன்று அடைத்தார்கள். பெரிய பெரிய கற்களோடு டிப்பர் லாரி வந்தது. டிரைவருக்குப் பின்பக்கம் தெரியவில்லை. ரோடு வேலையில் அனுபவம் உள்ளவன் என்ற முறையில் நானே பின்னால் நின்று கை காட்டினேன். வரலாம், வரலாம், கொஞ்சம் ஒடிச்சு வா, வரலாம், போதும் என்றேன். கற்கள் சொன்ன இடத்தில் விழுந்தன. இனி ஒரு சைக்கிள்கூட உள்ளே போக முடியாது.

என் சைக்கிள் அடியில் இருக்கிறது. அங்கே சாத்தி வைத்திருந்தேன். கைப்பிடியில் ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரிகிறது. மேஸ்திரி முன்னாலேயே பார்த்தாளாம். நான் மும்முரமாகக் கை காட்டிக்கொண்டிருந்ததால் குறுக்கே பேசவில்லையாம்.

மகள் வந்து பார்த்தாள். பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் பழைய இரும்பு கிடக்கக் கூடாது, திங்கட்கிழமைக்குள் அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.