பஸ் விஷயம் முடிந்துவிட்டது

பிரஸ்ஸல்ஸ்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்மராண்டா எழுதிக்கொள்வது.

நான் சுகம். பிளம் ஜாம் உடையாமல் வந்து சேர்ந்தது. ஆனால் அதோடு நீங்கள் வைத்திருந்த சீட்டைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜனவரியிலிருந்து பள்ளிக்கூட பஸ் நின்றுவிடுமே, தங்கை இலிங்காவையும் அங்கேயே கூட்டிக்கொள், ஏதாவது வேலை பார்த்து வை என்று எழுதியிருக்கிறீர்கள். பஸ் நிற்கும் என்று யார் சொன்னார்கள் என்று யோசித்தேன். நான்தான் சொல்லியிருக்கிறேன்!

“பஸ் விஷயம் முடிந்துவிட்டது” என்று குறுஞ்செய்தி அனுப்பினேனே, அது நல்ல செய்தி அம்மா. நம் நாடும் சேர்ந்திருக்கும் ஒன்றியத்தின், ஜனவரியில் தொடங்கும் அடுத்த ஏழு வருஷச் செலவுக்கு எந்த நாடு எவ்வளவு போடுவது என்று நான் காப்பி கொடுக்கும் இந்தக் கட்டடத்தில்தான் பேசுகிறார்கள். சண்டை இல்லாத பகுதியை ‘முடிந்தது’ என்று ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். மலைக்கிராமத்துப் பள்ளி பஸ்களுக்கான பணம் அப்படி முடிந்ததாம். நம் நாட்டுக் குழுவின் காரோட்டி கோர்னெல் அண்ணன் சொன்னார். சந்தோஷத்தில் அதே வார்த்தையை உங்களுக்கும் அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் அவர் சிரித்தார். “அட அசடே, இங்க எல்லாம் முடிஞ்சாத்தான் எதுவும் முடிஞ்சது. ஒரே ஒரு நாடு மாட்டேன்னா, முடிஞ்சதும் முடியாததுதான்” என்றார்.

இப்போது ஒரு நாடு மாட்டேன் என்கிறது. எல்லாச் சுமையும் எங்கள் தலையிலா என்று கேட்கிறதாம். குப்பைக்கும் புகைக்கும் வரி போட்டு ஒன்றியமே சம்பாதிக்கட்டும் என்கிறார்கள் சிலர். அதற்கும் இன்னும் ஒப்புதல் இல்லை. கூட்ட அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் நான் முகங்களைப் பார்க்கிறேன். மேற்பார்வை பார்க்கும் துல்சி அக்கா, “பல்லி மாதிரி செவுத்துல ஒட்டிக்கிட்டு நிக்காதடி, காப்பி ஆறுது” என்று திட்டுகிறார்.

நேற்று அந்த நாட்டுக்காரரே என் காப்பி வண்டிக்கு வந்தார். எங்கள் பஸ்ஸை நிறுத்திவிடாதீர்கள் ஐயா என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. “சர்க்கரை?” என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். கோர்னெல் அண்ணனிடம் சொன்னேன். “அதுக்கும் வேண்டாமா! அந்த ஆளு வேற என்னத்தைத்தான் சொல்வாரு” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாளாக உங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. நேலுவின் வேன் சாயங்காலம் ஊருக்குக் கிளம்புகிறது. அதில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எல்லா நாட்டுக்காரர்களும் மறுபடி கூட்டத்துக்கு உள்ளே போய்விட்டார்கள். இன்றைக்கு என்ன சொல்வார்களோ, தெரியவில்லை.

எது ஆனாலும் இலிங்காவின் பெயரைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். இங்கே அறையில் இன்னொரு கட்டில் போட இடமில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். நான் படிப்பை விட்ட வருஷம் பஸ்ஸே கிடையாது. அதற்கு யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஜனவரியில் பள்ளி திறக்கும் அன்று அவளைத் தேவாலயத்து வளைவில் கொண்டுபோய் நிறுத்துங்கள். பஸ் வருகிறதா இல்லையா என்று அவள் கண்ணாலேயே பார்க்கட்டும்.

என் நீலக் குல்லாயை எடுத்துப் போட்டுவிடுங்கள். அந்த வளைவில் காற்று காதை அறுக்கும்.

உங்கள் அன்பு மகள்,
ஸ்மராண்டா