பிரிட்ஜ் மேல போட்ட பழி

எலியேசர்,

உட்டுவாடோவுல அக்கா வீட்டுக்குப் போறேன். சோறும் துவரையும் அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுச் சாப்பிடு.

பிரிட்ஜை மறுபடி போட்டிருக்கேன், பிடுங்காதே. உன் ஹாம் ரேடியோவுல வர்ற இரைச்சலுக்கு அதுதான் காரணம்னு ஒரு வாரமா பிடுங்கிப் போட்டே. உங்க அம்மா வாழையிலையில கட்டி அவிச்சுக் குடுத்த பாஸ்தேல் கொழுக்கட்டை எல்லாம் கெட்டுப் போச்சு. அவங்ககிட்ட இன்னும் சொல்லலை. சொல்றதும் சொல்லாததும் உன் நடத்தையைப் பொறுத்தது.

நேத்து மத்தியானம் நீ தூங்கினப்போ, பிரிட்ஜை ஓட விட்டுட்டு உன் ரேடியோவைத் தம்பியோட படகு பேட்டரியில மாட்டினேன். இரைச்சலே இல்லை. அப்புறம் நீ வாங்கின பவர் சப்ளையில மாட்டினேன், குளவிக்கூடு கலைஞ்ச மாதிரி இரைஞ்சுது. உள்ளே டிரான்ஸ்பார்மர் வச்ச கனமானதா வாங்கு, அதுதான் இரையாதுன்னு கடையிலயே சொன்னேன். "உனக்கு என்ன தெரியும்"னு இலேசானதைத் தூக்கிட்டு வந்தே.

அந்தப் பவர் சப்ளையை நான் எடுத்துட்டுப் போறேன். பேட்டரி மேசைக்கு அடியில இருக்கு. சிவப்பு வயர் பிளஸ்ல. போன தடவை மாதிரி மாத்தி மாட்டி ஃபியூஸை எரிக்காதே.

நெரெய்தா

பி.கு: இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை. தீவு முழுக்க ரேடியோவுல கூடுவீங்களே, தவறாம வா. புதுசா ஒரு பொம்பளைக் குரல் கூப்பிடும். ஹாம் லைசென்ஸ் பரீட்சை நானும் பாஸாயிட்டேன், அத்தானோட ரேடியோ செட்டுல பேசுவேன். எல்லாரும் கேக்க ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்: இரைச்சல் போட்டது பிரிட்ஜா, நீ வாங்கினதா?

யோசிச்சுப் பதில் சொல்லு. உங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன்.