முதல் ஆணியில் தொங்கிய பை

நவம்பர் 3, திங்கள்

வேலைக்குத் திரும்பி மூன்று வாரம். சோயாவுக்குப் பத்து மாதம். காலையில் அவள் நெற்றி சுட்ட மாதிரி இருந்தது. தெர்மாமீட்டர் 99.1. மறுபடி வைத்தேன், 98.9. இன்னொரு தடவை, 98.4. அப்பாடா.

"நல்ல நம்பர் வர்ற வரைக்கும் வெச்சுக்கிட்டே இருப்பியா?" என்று என் கணவர் முதாசிர் சிரித்தார். சிரிக்கட்டும். பத்து மாதம் சுமந்தது அவரா?

ஆபீஸிலும் இதே கதை. தடுப்பூசித் தேதியை அம்மாக்களின் போனுக்கு அனுப்பும் சாஃப்ட்வேர் எங்களுடையது. அடுத்த ஊசியைக் கண்டுபிடிக்கும் பகுதி நான் எழுதியது. அது சரியான ஊசியைத்தான் எடுக்கிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் என் லேப்டாப்பில் எப்போதும் பச்சை, அதாவது பாஸ்; ஆபீஸ் சர்வரில் ஒரு சமயம் பச்சை, ஒரு சமயம் சிவப்பு.

"டெஸ்ட்டுன்னா அப்படித்தாம்மா பேஜார் பண்ணும். திருப்பி ஓட்டு, பச்சை வந்துரும்" என்றார் டீம் லீட் சிட்டிபாபு சார். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

நவம்பர் 4, செவ்வாய்

சர்வரில் பதினோரு முறை ஓட்டினேன். ஏழு பச்சை, நான்கு சிவப்பு. லேப்டாப்பில் விண்டோஸ், சர்வரில் லினக்ஸ். கோளாறு அந்த வித்தியாசத்தில்தான் — ஆனால் எங்கே?

வெள்ளிக்கிழமை ஒரு கிளினிக்குக்குக் கொடுத்தாக வேண்டுமாம். "முடியலன்னா அந்த டெஸ்ட்டைத் தூக்கிரு. இல்ல, பக்கத்து சீட்டு பிரிட்டோகிட்ட குடுத்துட்டு நீ நைட் ஷிஃப்ட் சப்போர்ட்டுக்குப் போ" என்றார் சிட்டிபாபு சார்.

நைட் ஷிஃப்டா? ராத்திரி ரெண்டு தடவை எழுந்து என்னைத்தான் தேடுறா சோயா. நான் எப்படிப் போவேன்? வேலையையே விட வேண்டியதுதானா?

தூக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது...

நவம்பர் 5, புதன்

தூக்கவில்லை. சிவப்பு, பச்சை, சிவப்பு. டப்பாவில் சோறு அப்படியே திரும்பி வந்தது.

நவம்பர் 6, வியாழன்

கண்டுபிடிச்சுட்டேன்!

சோயாவைப் பகலில் பார்த்துக்கொள்வது பக்கத்துத் தெரு எப்சி அக்கா. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பை கொடுத்திருக்கிறார். சாயங்காலம் வழக்கம்போல முதல் ஆணியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் திறந்தால் மஹீன் என்ற இன்னொரு பிள்ளையின் டிராயர்! சோயாவை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்ப ஓடினேன்.

"நம்ம பை எப்பவும் மொதல் ஆணியிலதானே அக்கா இருக்கும்?"

"யாரு சொன்னது? டெய்லி காலையில நீதான் மொதல்ல வர்ற, மொதல்ல மாட்டுறேன். இன்னிக்கு சுவத்துல தண்ணி ஒழுகுச்சு, எல்லாத்தையும் கழட்டி மாட்டினேன். கைக்கு எது வந்துச்சோ அது. பேரு எழுதிக்கீது இல்ல, பாத்து எடுக்கக் கூடாதா?"

அப்படியே நின்றேன். தலைக்கு மேல் விமானம் இறங்கியது, சோயா கை தட்டினாள். யாரு சொன்னது? யாருமே சொல்லவில்லை!

இன்னும் போடாத ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு ஃபைல். தேதிதான் அதன் பெயர். ஃபோல்டரைத் திறந்ததும் முதலில் வருவதையே அடுத்த ஊசி என்று எடுக்கிறது நான் எழுதிய நிரல். விண்டோஸ் பெயர் வரிசையில் அடுக்கிக் கொடுக்கிறது. லினக்ஸில் அந்த உறுதி கிடையாது, எப்சி அக்கா மாதிரி. சர்வரில் ஓட்டும்போதெல்லாம் ஃபோல்டர் புதிது, வரிசையும் புதிது.

கிளினிக்கிலும் லினக்ஸ்தான். இப்படியே கொடுத்திருந்தால், ஒன்பதாம் மாத ஊசியை விட்டுவிட்டு ஒன்றரை வயது ஊசிக்கு வா என்று எந்த அம்மாவுக்குச் செய்தி போயிருக்குமோ! டெஸ்ட் பேஜார் பண்ணவில்லை. உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் வேறு பதில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"பை மாறினதுக்கா இந்தச் சிரிப்பு?"

"அக்கா, என் வேலையக் காப்பாத்திட்டீங்க!"

"அப்ப நாளைக்காவது நேரத்தோட வந்து கூட்டிக்கினு போ."

நவம்பர் 7, வெள்ளி

எடுக்கும் முன் பெயர் வரிசைப்படி அடுக்கு — ஒரே வரிதான் சேர்த்தேன். சர்வரில் ஐம்பது ஓட்டம், ஐம்பதும் பச்சை. பிரிட்டோ எல்லோருக்கும் சமோசா வாங்கி வந்தான்.

"நைட் ஷிஃப்ட் சார்?" என்று கேட்டேன்.

"அது யாரும்மா சொன்னது?" என்றார் சிட்டிபாபு சார், வாயில் சமோசாவோடு.

நவம்பர் 10, திங்கள்

காலையில் மறுபடி நெற்றி சூடு. 99 காட்டியது. எப்சி அக்காவிடம் சொல்லி, மத்தியானம் ஒரு தடவை தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"இன்னொரு வாட்டி வெக்கலையா?" என்றார் முதாசிர்.

"வேணாம் மச்சான், அதான் சொல்லிடுச்சே" என்று தெர்மாமீட்டரை டப்பாவில் போட்டு மூடினேன்.